ஓதம் பார்த்து நடந்த ஏழு நாள்

கனடாவின் வான்கூவர் தீவின் மேற்குக் கரையில், காடு கடலுக்குள் இறங்குகிற இடத்தில் 75 கிலோமீட்டர் நடைபாதை ஒன்று இருக்கிறது. வெஸ்ட் கோஸ்ட் ட்ரெயில். மூன்று வருடமாகப் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது, இந்த ஆகஸ்டில் நடந்துவிட்டது. வழியில் செல்போன் சிக்னல் கிடையாது. கூடாரத்துக்குள் தலைவிளக்கு வெளிச்சத்தில் நோட்டில் கிறுக்கியதைத்தான் நாள்வாரியாகத் தட்டச்சு செய்து போடுகிறேன்.

கூட வந்தவன் என் அக்கா மகன். இருபத்திரண்டு வயது, பர்னபியில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது மட்டும் வாய் கொஞ்சம் வழுக்கும். எனக்கு நாற்பத்தாறு, ஊர் நாகர்கோவில். "நீ அவனப் பாத்துக்கோ" என்று அக்கா என்னிடம் சொல்லி அனுப்பினாள். அவனிடம் என்ன சொன்னாள் என்று பிறகுதான் தெரிந்தது.

புறப்படும் முன்

வடக்கு முனையான பச்சீனா விரிகுடாவில் தொடங்கித் தெற்கே கார்டன் ஆற்றில் முடிப்பதாகத் திட்டம். தெற்கில்தான் ஏணிகளும் சேறும் அதிகம். பையில் சோறு குறைந்து தோள் லேசான பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

நடப்பதற்கு முன் பூங்கா ஊழியர்கள் ஒரு வகுப்பு எடுக்கிறார்கள், கட்டாயம் உட்கார வேண்டும். கரடி, ஓநாய், மலைச்சிங்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குகிற கணக்கு. கடற்கரையில் நடக்கக்கூடிய பகுதிகள், கடல் ஏறினால் ஒதுங்க இடமில்லாமல் பாறையோடு மாட்டிக்கொள்ளும் பகுதிகள், எந்த முனையை எத்தனை மீட்டருக்குக் கீழே தண்ணீர் இருந்தால் கடக்கலாம் என்ற அளவு, எல்லாம் வரைபடத்திலேயே இருக்கிறது.

கடற்கரை மாவட்டத்துக்காரன் என்ற தைரியத்தில் இதை அரைக் காதோடுதான் கேட்டேன். ஆனால் கன்னியாகுமரியில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நான்கு மீட்டர் வரை போகும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம், அந்த இரண்டும்கூடச் சமமாக இருப்பதில்லை. ஓதம் என்பதை நான் பள்ளிக்கூடத்துப் புவியியல் புத்தகத்தில் பார்த்ததோடு சரி.

வகுப்பு முடிந்து பச்சீனா மணலில் கொஞ்ச நேரம் நின்றோம். அகலமான, சாதுவான கடற்கரை. 1700-ஆம் ஆண்டு ஜனவரி 26 இரவு இந்தக் கரைக்கு வெளியே கடலடித் தட்டு நழுவி, 9 அளவை ஒட்டிய நிலநடுக்கம் வந்தது. பின்னாலேயே வந்த அலையில் இங்கிருந்த கிராமம் மொத்தமும் போய்விட்டது, மேட்டில் வீடு கட்டியிருந்தவர்கள் மட்டும் பிழைத்தார்கள் என்று இந்தக் கரையின் பூர்வகுடிகளான ஹூ-ஐ-அட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். தேதி உறுதியானது ஜப்பானில். நிலம் அதிராமலே தங்கள் கரைக்கு வந்த ஓர் அலையை அங்கே அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். மருமகனிடம் குளச்சலையும் 2004 டிசம்பர் 26-ஐயும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த வருடம் அவன் கைக்குழந்தை. "அம்மா சொல்லியிருக்காங்க மாமா" என்றான். அதற்கு மேல் நான் பேசவில்லை.

முதல் நாள்: பச்சீனா – மிச்சிகன் ஓடை, 12 கி.மீ.

முதல் நாளுக்கு வழி ரொம்ப நல்லது. ஒரு காலத்தில் கலங்கரை விளக்கத்துக்குச் சாமான் கொண்டுபோன பாதையாம், வண்டித்தடம் மாதிரி அகலம். கடலை ஒட்டிய வரிசையில் சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்கள். உப்புக்காற்றைத் தாங்கும் மரம் என்பதால் அது வேலி மாதிரி முன்னால் நிற்கிறது. ஹெம்லாக்கும் சிவப்பு சீடரும் அதற்குப் பின்னால். தரையெல்லாம் ஆள் மட்டத்துக்கு சலால் புதர். அதன் கருநீலப் பழம் இப்போது பழுத்திருக்கிறது. ருசியில் கொஞ்சம் நாவல்பழ நினைப்பு, ஆனால் மாவாக இருக்கிறது. மருமகன் துப்பிவிட்டான்.

பத்தாவது கிலோமீட்டரில் பச்சீனா முனை கலங்கரை விளக்கம், 1908-இல் மரத்தாலேயே கட்டிய கோபுரம். ஏன் கட்டினார்கள் என்பது நாளைய கதை. அதற்குச் சற்று முன்னால் பாறையில் கடல்சிங்கங்கள். பார்ப்பதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. நான் சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிய கருவாட்டுக் களங்கள் இதற்கு எவ்வளவோ தேவலை.

மிச்சிகன் ஓடையில் கூடாரம். 1893-இல் உடைந்த மிச்சிகன் என்ற நீராவிக் கப்பலின் கொதிகலன், கடல் வற்றும்போது பாறை நடுவே துருப்பிடித்துத் தெரிகிறது. ஓடைத் தண்ணீர் கட்டஞ்சாயா நிறம். அழுக்கில்லை, காட்டு மண்ணிலும் இலைகளிலும் இருந்து ஊறி வருகிற துவர்ப்பு. வடிகட்டினாலும் அந்த நிறம் போகாது. அதில் ரசப்பொடி போட்டுக் கொதிக்கவைத்தால் எது ரசம், எது தண்ணீர் என்றே தெரியவில்லை.

சாப்பாடு, பற்பசை, சோப்பு என்று வாசனையுள்ள எல்லாவற்றையும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட வேண்டும், கரடிக்காக. என் புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறந்ததும் பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன்காரர் எட்டிப் பார்த்தார். பெருங்காயம் கரடியை இழுக்குமா விரட்டுமா என்று மருமகனுக்கு ஒரு சந்தேகம். வகுப்பில் கேட்டிருக்கலாம்.

இரண்டாம் நாள்: மிச்சிகன் – சூசியாட் அருவி, 13 கி.மீ.

இந்தப் பாதை நடைப்பிரியர்களுக்காகப் போட்டதல்ல. முதலில் இது தந்திக்கம்பி வழி. 1890-ஐ ஒட்டி விக்டோரியாவிலிருந்து கலங்கரை விளக்கங்களை இணைத்து மரத்துக்கு மரம் கம்பி கட்டினார்கள். இன்றும் அங்கங்கே கம்பித் துண்டு தொங்குகிறது.

பிறகு வந்தது வலென்சியா. 1906 ஜனவரி 22 இரவு. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்த அந்தப் பயணிகள் கப்பல் மோசமான வானிலையில் ஜுவான் டி ஃபூகா ஜலசந்தியின் வாயைத் தவறவிட்டு வடக்கே தாண்டிவந்து, இந்தச் செங்குத்துக் கரைக்கு முன்னால் பாறையில் ஏறிவிட்டது. கரை கண்ணெதிரே. ஒன்றரை நாள் அலை அதை உடைத்துக்கொண்டே இருந்தது. உதவிக்கு வந்த கப்பல்களால் கிட்டே நெருங்க முடியவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 37 பேர், அத்தனை பேரும் ஆண்கள். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூட மிஞ்சவில்லை. எப்படியோ கரையேறிய சிலர் தந்திக்கம்பியைக் கண்டு, அதைப் பிடித்தபடியே நடந்து ஒரு குடிசையைச் சேர்ந்து, அங்கிருந்து சேதி சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் அரசு விழித்தது. பச்சீனா கலங்கரை விளக்கம் வந்தது. 1907-இலிருந்து தந்திவழியை அகலப்படுத்தி, கரையேறுகிறவர்களுக்கான உயிர்காப்புப் பாதையாக்கினார்கள். வழிநெடுக குடில்கள், உள்ளே போர்வை, உணவு, தொலைபேசி, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பல மொழிகளில் குறிப்பு. நனைந்து நடுங்கி ஏறி வருகிறவன் என்ன மொழிக்காரனோ யார் கண்டது!

வலென்சியா செங்குத்துக்கு மேலே ஒரு திறப்பில் நின்று கீழே பார்த்தோம். இன்று கடல் அமைதி. தேங்காய் உருட்டுவது போலக் கற்கள் உருளும் சத்தம் மட்டும். அந்தக் கப்பலின் ஐந்தாம் எண் உயிர்காப்புப் படகு 1933-இல், இருபத்தேழு வருடம் கழித்து, பார்க்லி சவுண்ட் என்ற கடல்பகுதியில் மிதந்துகொண்டிருந்ததாம், பெரிய சேதமில்லாமல். எங்கே இருந்தது இத்தனை நாள் என்று மருமகன் கேட்டான். "ஒருவேள குகைக்குள்ள மாட்டியிருக்கும் மக்களே" என்றேன். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவனுக்கும்தான்.

கிளனாவா ஆற்றில் முதல் கேபிள் கார். பெயர்தான் கார். கம்பிவடத்தில் தொங்கும் ஒரு தொட்டில், இரண்டு பேர் பையோடு எதிரெதிரே உட்காரலாம். நடு ஆறு வரை தானே சரசரவென்று இறங்கிப் போகும், அப்புறம் கயிற்றைப் பிடித்து நாமேதான் இழுக்க வேண்டும். கிணற்றில் நீர் இறைத்த கை எனக்கு. ஜிம்முக்குப் போகிற மருமகன் பாதியில் மூச்சு வாங்கினான். இதை நான் எழுதுவேன் என்று அவனிடமே சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் சூசியாட் அருவி. நேராகக் கடற்கரை மணலில் விழுகிற அகலமான அருவி. குற்றாலத்தை எதிர்பார்த்துத் தலையைக் கொடுத்தேன். ஐஸ். ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை.

மூன்றாம் நாள்: சூசியாட் – கிரிப்ஸ் ஓடை, 17 கி.மீ.

இன்று என் மானம் போன நாள்.

அருவிக்குத் தெற்கே சூசியாட் முனை. கடல் குடைந்த பெரிய பாறை வளைவு ஒன்று, தண்ணீர் வற்றினால் அதன் கீழே நடந்து போகலாம். முன்தினம் இரவே வீட்டில் அச்சடித்துக் கொண்டுவந்த அட்டவணையைப் பார்த்து, ஏழரை மணிக்கு வழி திறக்கும் என்று கணக்குப் போட்டேன். ஏழரைக்கு வளைவின் முன்னால் நிற்கிறோம். உள்ளே வெள்ளம் நுரைத்து வந்து போகிறது.

"இப்ப வத்திரும், வா" என்று இரண்டு அலைக்கு நடுவே ஓடிவிடலாம் என்று காலை வைத்தேன். மூன்றாவது அலை இடுப்பு வரை வந்தது. கீழே வழுக்குப் பாசி, முதுகில் பதினெட்டு கிலோ. விழவில்லை, பாறையைக் கட்டிக்கொண்டேன். மருமகன் பையின் பட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். கரையில் உட்கார்ந்து ஷூவிலிருந்து தண்ணீரைக் கொட்டும்போது, அட்டவணையை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்:

"மாமா, இதுல ஒரு மணி நேரம் கூட்டணும்ல?"

கூட்டியிருக்க வேண்டும். அட்டவணை நிலையான நேரத்தில் போட்டிருக்கிறது. என் கைக்கடிகாரம் கோடை நேரத்தில் ஓடுகிறது. வகுப்பில் அந்த அம்மா இதை இரண்டு முறை சொன்னாராம். நான் அப்போது சுவரில் இருந்த ஓநாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா உன்னிடம் என்ன சொல்லி அனுப்பினாள் என்று அப்போதுதான் கேட்டேன். "மாமா அவசரப்படுவான், நீ பாத்துக்கோ."

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடல் வற்றுவதை அப்படி நான் பார்த்ததே இல்லை. முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு கல்லின் தலை. அந்தக் கல்லுக்குக் கீழே கருப்புச் சிப்பி வரிசை. பிறகு அதற்கும் கீழே, ஊதா நட்சத்திர மீன்கள் அப்பிய பாறை அடி. எட்டரை மணிக்கு, எழுதி வைத்தது போல, வளைவுக்குள் ஈர மணல் தெரிந்தது. நனையாமல் கடந்தோம். நான் ஏற்கெனவே நனைந்தவன்தான்.

மதியம் நிட்டினாட் இடுக்கு. பெரிய ஏரி ஒன்று குறுகலான வாய் வழியாகக் கடலோடு சேரும் இடம். ஓதம் மாறும்போது ஆறு மாதிரி ஓடுகிறது, நீந்துவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான டிடிடாட் மக்கள் படகில் அக்கரை சேர்க்கிறார்கள். அந்தத் துறையிலேயே நண்டு விற்கிறார்கள். கூண்டிலிருந்து எடுத்து, கண்முன்னால் வேகவைத்து, ஒரு முழு நண்டு, அவித்த உருளைக்கிழங்கு, உருக்கிய வெண்ணெய். மூன்று நாள் அவலும் உப்புமாவும் தின்ற வாய்க்கு வேறென்ன வேண்டும்? நண்டு இனிப்பாக இருந்தது. அக்கா வைக்கிற, தேங்காய் வறுத்தரைத்த நண்டுக் குழம்பு நினைவுக்கு வரத்தான் செய்தது. பையிலிருந்த இட்லிப்பொடியை வெண்ணெயில் குழைத்துத் தொட்டேன். கடைக்காரர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார்.

பிறகு பத்து கிலோமீட்டர். காட்டுக்குள் பலகைப்பாதை, பாதி உளுத்தது. அதைப் பற்றி எழுதக் கை ஓடவில்லை.

நான்காம் நாள்: கிரிப்ஸ் – வால்பிரன், 11 கி.மீ.

மூடுபனி. ஆகஸ்டை இந்தக் கரைப் பக்கத்தில் ஃபாகஸ்ட் என்றே கேலி செய்வார்கள் (ஃபாக் என்றால் மூடுபனி). காலையில் ஓநாயின் காலடித் தடம் எங்கள் கூடாரத்தைச் சுற்றிப் போயிருந்தது. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

கடல் வற்றியிருந்ததால் பாறைத் திட்டின் மேலேயே நடை. மேசை போன்ற தட்டையான கல், நடுநடுவே பள்ளங்களில் தேங்கிய கடல், அதில் பச்சைக் கடல்தாமரை, சங்குக்குள் நண்டு. இடையிடையே ஆழமான பிளவுகள். அலை அதற்குள் புகுந்து ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிக்கிறது. கறுப்புப் பாசி உள்ள இடத்தில் கால் வைக்காதே என்று இப்போதெல்லாம் மருமகன் எனக்குச் சொல்கிறான்.

கார்மனா முனையில் 1891-லிருந்து விளக்கு எரிகிறது, முன்பு காவலர்கள் குடியிருந்தார்கள். நாங்கள் ஏறிப்போன நேரம் பனி விலகியது. எதிரே அமெரிக்கக் கரை, ஒலிம்பிக் மலைகள். நடுவே ஜுவான் டி ஃபூகா ஜலசந்தி. சியாட்டிலுக்கும் வான்கூவருக்கும் போகிற கப்பல்கள் கொள்கலன்களை அடுக்கிக்கொண்டு வரிசையாக உள்ளே போகின்றன.

2009 அக்டோபரில் ஓஷன் லேடியில் 76 பேர். 2010 ஆகஸ்டில் சன் சீயில் 492 பேர், பெண்கள் குழந்தைகளோடு. இரண்டும் இலங்கைத் தமிழர்கள் வந்த கப்பல்கள். விக்டோரியா பக்கத்துத் துறைகளுக்குக் கொண்டுபோகப்பட்டவை இந்த ஜலசந்தி வழியாகத்தான், வேறு வழி கிடையாது. அப்போது நான் சென்னையில் இருந்தேன், செய்தித்தாளில் ஒரு பத்தி படித்த ஞாபகம். கனடா வந்த பிறகு சர்ரேயில் என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி ஒரு கப்பலில் வந்தவர் என்று தெரிந்தது. முதலில் தெரிந்தது கரையா, மேகமா என்று ரொம்ப நேரம் வாக்குவாதம் நடந்ததாம் மேல்தளத்தில். அவர் அதற்கு மேல் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. புல்லில் உட்கார்ந்து ஒரு கப்பல் பார்வையிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்மனா ஆற்றின் மேலே பள்ளத்தாக்கில் 95 மீட்டரைத் தாண்டிய சிட்கா ஸ்ப்ரூஸ் ஒன்று நிற்கிறது. இந்தப் பாதையிலிருந்து போக வழியில்லை. 1980-களின் கடைசியில் வெட்டப்போன காடு அது. பெரிய போராட்டத்துக்குப் பிறகு 1990-இல் பூங்காவாக அறிவித்தார்கள். கேபிள் காரில் ஆற்றைக் கடக்கும்போது அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். பனிதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள்: வால்பிரன் – கேம்பர், 9 கி.மீ.

ஒன்பது கிலோமீட்டர், ஒன்பது மணி நேரம். கணக்கு சரியாக இருக்கிறது.

மொத்தப் பாதையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஏணிகள். அதில் பெரும்பங்கு இன்று வந்துவிட்டது போலிருந்தது. லோகன் ஓடைக்கு மேலே காடு திடீரென்று முடிந்து, பாதாளம் மாதிரி ஒரு பள்ளம். ஓர் ஏணி, அதன் அடியில் சின்னத் தட்டு, அடுத்த ஏணி, இன்னொன்று. கீழே தொங்குபாலம். அக்கரையில் அதே உயரத்துக்கு ஏணி. படிகளில் சேறு. கீழே பார்க்காதே என்று சொல்வார்கள். கீழே பார்க்காமல் எப்படிக் காலை வைப்பது? எனக்கு மேலே இறங்கிவந்த மருமகனின் ஷூவிலிருந்து மண் என் தலையில் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஏணிப்படிகளை எண்ணிக்கொண்டு இறங்கினேன், ஐம்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறியது. பழனிப் படியில் கந்தனுக்கு அரோகரா சொல்ல ஆள் இருக்கிறது, இங்கே ஒரு மஞ்சள் நத்தை மட்டும். வாழைப்பழ நத்தை என்றே அதற்குப் பெயர். விரல் நீளம், ஓடு கிடையாது, நம்மைவிட வேகமாகப் போய்ச்சேர்ந்துவிடும் போல.

லோகனுக்கும் கல்லைட்டுக்கும் நடுவே சதுப்பு நிலம். அத்தனை பெரிய காட்டுக்குள் அங்கே மட்டும் மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. மற்ற இடமெல்லாம் வேர். வேருக்கு நடுவே முழங்கால் சேறு. சேற்றைச் சுற்றிப் போகப் பார்த்தால் பாதை இன்னும் அகலமாகக் கெடும், நேரே இறங்கு என்றான். இறங்கினேன்.

கேம்பர் விரிகுடாவில் நெருப்பு மூட்டிச் சாக்ஸைக் காயவைத்தோம். ஒரு சாக்ஸ் எரிந்தது.

ஆறாம் நாள்: கேம்பர் – த்ராஷர் குடா

ஓவன் முனை. இந்தப் பயணத்தை நான் முடிவு செய்ததே அதன் படத்தைப் பார்த்துத்தான். கடல் குடைந்த பாறைக் குகைகள், உள்ளிருந்து பார்த்தால் பச்சையும் நீலமுமாக வெளிச்சம். ஒரு வருடமாக என் செல்போன் முகப்பில் இருக்கிறது. தண்ணீர் 1.8 மீட்டருக்குக் கீழே இருக்கும்போதுதான் அந்த முனையைக் கடக்க முடியும்.

நாங்கள் கிளம்பிய நாளில் கடல் நன்றாக வற்றிக்கொண்டிருந்தது. நாள் ஆக ஆக வற்றம் குறைந்துகொண்டே வந்து, இன்றைக்குக் கடைசி மட்டமே 1.6 மீட்டர்தான், அதுவும் மதியம் ஒரு மணிக்கு. (கூட்டிவிட்டேன்.) 65-ஆவது கிலோமீட்டரில் காட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் கிளைப்பாதை. பன்னிரண்டுக்கு அங்கே வந்துவிட்டோம். நேரம் இருக்கிறது. ஆனால் கடல் முந்தைய நாள் மாதிரி இல்லை. எங்கேயோ தூரத்துப் புயலின் மிச்சம், பெரிய பெரிய மடிப்பாக வந்து பாறைத் திட்டின் மேலேயே உடைகிறது. அட்டவணையில் தண்ணீரின் மட்டம்தான் இருக்கும், அலையின் உயரம் இருக்காது.

மருமகன் பத்து நிமிடம் பார்த்தான். "வேணாம் மாமா."

"இங்கயிருந்து அர மணி நேரந்தாண்டா."

"வேணாம்."

மேலே ஏறினான். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், அவன் திரும்பி வருவான் என்று. வரவில்லை. அப்புறம் நானும் ஏறினேன். காட்டுவழி ஐந்து கிலோமீட்டர், விழுந்த மரங்களின் மேலே ஏறி, அடியில் ஊர்ந்து, மூன்றரை மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் சொன்னது சரியா என்று கேட்டால் சரிதான். எனக்குக் கோபம் போகவில்லை, அவ்வளவுதான்.

த்ராஷரில் கடற்கரைவழி வந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். ஒரு கூட்டம் இருந்தது. கடக்கப் போய், அலைக்குப் பயந்து திரும்பிக் காட்டுவழியாக வந்தவர்கள். அதைக் கேட்டதும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஏழாம் நாள்: த்ராஷர் – கார்டன் ஆறு

கடற்கரையிலிருந்து பெரும்பாதைக்கே ஒரு கிலோமீட்டர் செங்குத்து. அதற்குமேல் ஐந்து கிலோமீட்டர். காட்டு நடுவே பழைய மரம் இழுக்கும் நீராவி இயந்திரம் ஒன்று, சுற்றுவடத்தோடு, பாசி மூடிக் கிடக்கிறது. மொத்தப் பாதையிலும் உயரமான இடம் இந்தப் பகுதியில்தான். பிறகு இறக்கம். என் முட்டி இரண்டும் தனித்தனி மொழியில் பேசின.

கடைசி ஏணியின் அடியில் கார்டன் ஆறு. ஒரு மிதவையைக் கயிற்றில் இழுத்து மேலே தூக்கினால், அக்கரையிலிருந்து படகு வரும். பச்சீடாட் பூர்வகுடிப் பெரியவர் ஒருவர் ஓட்டிவந்தார். ஏறியதும் கேட்டார், ஓவன் முனை கடந்தீர்களா என்று. மருமகன் என்னைப் பார்த்தான்.

"அடுத்த தடவை" என்றேன்.

போர்ட் ரென்ஃப்ரூவில் முதல் கண்ட கடையில் பர்கரும் உருளை வறுவலும் வாங்கி உட்கார்ந்தோம். பாதி தின்றவன் நிறுத்தி, என் பையைத் துழாவினான். அடியில் மிச்சமிருந்த புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்து, வறுவல் மேலே வழித்துப் போட்டான். தட்டை எனக்கும் தள்ளினான்.